பாதுகாக்கப்பட்ட அறை

சிலர் கொடி பிடித்துத் தலைவராவார்கள், சிலர் மாமனார் தயவில் தலைவராவார்கள். ரிபோசெல்லா சோபா கம்பெனியில் தோல் வெட்டும் விதாந்தோனியோ, வருமான வரி கட்டப் போன இடத்தில் தலைவரானார்.

மிலானுக்கு வெகு தெற்கே, முர்ஜா மேட்டு ஊர்களில் எந்த மனிதனும் தன் வரிப் படிவத்தைத் தானே நிரப்பியதாகச் சரித்திரம் இல்லை. அதற்குத் தொழிற்சங்கங்கள் கவுண்ட்டர் வைத்திருக்கின்றன. மருந்துக் கடைக்கும் சவப்பெட்டிக் கடைக்கும் நடுவே இருந்த ஒரு கவுண்ட்டரில் அவர் போய் உட்கார்ந்தபோது, அங்கிருந்த பெண், உறுப்பினர் என்றால் இலவசம், வெளியாள் என்றால் காசு என்றாள். அவள் விரல் வைத்த இடத்தில் எல்லாம் அவர் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து மாதச் சம்பளத்தில் ஒரு காபிக் காசு பிடித்தம் ஆனது. இது என்ன என்று மனைவி கேட்டதற்கு, வரிக்காரி பிடிக்கிறாள் என்றார். தெற்குப் பிரதேசத் தொழிலாளர், ஓய்வூதியர், மீனவர் மற்றும் வாயிற்காவலர் பேரவை என்னும் சங்கத்துக்கு அந்தக் கம்பெனியில் தான் ஒருவரே உறுப்பினர் என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ளும் நாள் வந்தது. சோபா தைக்கும் வேலை கடலுக்கு அக்கரையில் மலிவாக முடிகிறது என்று கம்பெனி கண்டுபிடித்தது. ஆட்களைக் குறைக்க வேண்டும். குறைப்பதில் கஷ்டம் இல்லை, குறைந்தவர்கள் பிறகு கோர்ட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்பதுதான் கஷ்டம். அதற்குச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. தொழிலாளி தன் சங்கத்தின் இடத்தில் உட்கார்ந்து, சங்கத்து ஆள் பக்கத்திலிருந்து உரிமைகளையெல்லாம் விளக்கிச் சொல்ல, கேட்டுப் புரிந்துகொண்டு, இனி எனக்கு எதுவும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டால், பிறகு அதை யாரும் அசைக்க முடியாது. அந்த இடத்துக்குப் பாதுகாக்கப்பட்ட இடம் என்று பெயர். தொழிலாளியை முதலாளியிடமிருந்து பாதுகாக்க நினைத்த யாரோ ஒரு புண்ணியவான் எழுதிய சட்டம் அது.

பெரிய சங்கங்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். யாரை அனுப்புகிறீர்கள், எந்த முறையில் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அவர்கள் கேள்வி கேட்டார்கள். கம்பெனிக்குக் கேள்வி கேட்காத சங்கம் தேவைப்பட்டது. சம்பளச் சீட்டுகளைப் புரட்டியபோது விதாந்தோனியோவின் காபிக் காசு கண்ணில் பட்டது.

மிலானிலிருந்து வந்திருந்த மனிதவள அதிகாரி டாக்டர் ஒர்த்தென்ஸியா கல்பி அவரைக் கூப்பிட்டனுப்பினார். பட்டம் வாங்கிய எல்லாரும் இங்கே டாக்டர்தான், ஊசி மட்டும் போடமாட்டார்கள். அந்த அம்மா ஊசியும் போடத் தெரிந்தவர் என்று தொழிற்சாலையில் பேச்சு.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் வீத்தோ. நாங்க யாரையும் வேலையை விட்டு அனுப்பல. கம்பெனியோட எதிர்காலத்துல அவங்களுக்கு வெளியில இடம் ஒதுக்கியிருக்கோம். அந்த இடத்துக்கு அவங்க சந்தோஷமா போகணும். அதுக்கு நீங்க உதவணும்."

வீத்தோ என்று எல்லாரும் சுருக்கிக் கூப்பிடும் விதாந்தோனியோ திருதிருவென விழித்தார். தன் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. தலைவர்களைக் கம்பெனி இழக்க விரும்பாது என்றார் டாக்டர் கல்பி. எந்தத் தலைவர்கள் என்று வீத்தோ திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

மறுநாளே பேரவையின் மாவட்டச் செயலாளர் ஸ்கரமூத்ஸி வந்து இறங்கினார். காரின் பின்பக்கத்தில் ஒரு கொடி, ஒரு பித்தளைப் பலகை, துளை போடும் இயந்திரம். பேரவைக்கு ஊரில் அந்த வரிக் கவுண்ட்டரைத் தவிர வேறு இடம் கிடையாது. அங்கே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் சவப்பெட்டிக் கடையில் நிற்க வேண்டும். ஆகவே கம்பெனியின் கேன்ட்டீனே பேரவையின் அலுவலகம் என்று முடிவானது. காலையில் பலகையை மாட்டிக் கொடியை நட்டால் அது சங்கத்தின் மண். மத்தியானம் பலகையைக் கழற்றினால் கேன்ட்டீன். மேசைகளை ஓரம் கட்டிவிட்டு, கம்பெனி தயாரிப்பிலேயே உசத்தியான மூன்று தோல் சோபாக்களைக் கொண்டுவந்து போட்டார்கள். வருஷக்கணக்காக அந்த சோபாவைத் தைத்த பெண்கள் அதில் உட்கார்ந்ததே இல்லை, உட்கார்ந்தால் அபராதம். வேலை போகும் அன்றைக்குத்தான் முதல்முறையாக உட்காரப் போகிறார்கள்.

சமையற்காரர் மட்டும் தகராறு செய்தார். புதன்கிழமை கத்தரிக்காய் பொரிக்க வேண்டும், சங்கமாவது மண்ணாவது என்றார். கடைசியில் பரிமாறும் ஜன்னலின் தகரக் கதவை இறக்கிவிட்டு உள்ளே அவர் பாட்டுக்குப் பொரிக்கலாம் என்று ஒப்பந்தம் ஆனது. அந்த மாதத்தில் கம்பெனியோடு பேரம் பேசி ஜெயித்த ஒரே தொழிலாளி அவர்தான்.

வீத்தோவுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கவலையோடு முகத்தை வைத்துக்கொள்வது எப்படி, அழுகிறவருக்குத் தண்ணீர் டம்ளரை எந்தக் கையால் நீட்டுவது என்றெல்லாம் ஸ்கரமூத்ஸி சொல்லிக்கொடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு, வீத்தோ தயங்கித் தயங்கி, உரிமைகளை விளக்க வேண்டும் என்கிறார்களே, அந்த உரிமைகள் என்னென்ன என்று கேட்டார்.

செயலாளர் அவர் தோளில் கை போட்டார்.

"உரிமையை விளக்குறது ரொம்பப் பொறுப்பான வேலை, வீத்தோ. ஒருத்தருக்கு விளக்கினா எல்லாருக்கும் விளக்கணும். விளக்கினா கேள்வி கேப்பாங்க. கேள்வி கேட்டா நேரமாகும். நேரமானா கேன்ட்டீனைத் திருப்பிக் குடுக்க முடியாது, சாப்பாடு ஆறிப்போயிடும். தொழிலாளிக்கு ஆறின சாப்பாட்டைப் போடறதுக்கா நாங்க சங்கம் வச்சு நடத்தறோம்? இருபது வருஷமா இந்தப் பதவியில இருக்கேன். ஒரு உரிமையைக்கூட நான் வீணாக்கினது கிடையாது."

புதன்கிழமை காலையில் ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து சோபாவில் புதைந்தார்கள். ரிபோசெல்லாவின் சோபா அப்படி, உட்கார்ந்தவன் எழுந்திருக்க யோசிப்பான். டாக்டர் கல்பி காகிதத்தை நீட்டினார். வீத்தோ மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னார்: உங்கள் உரிமைகள் உங்களுக்கு விளக்கப்பட்டன, நீங்கள் புரிந்துகொண்டீர்கள். அவர்களும் தலையாட்டினார்கள். தகரக் கதவுக்குப் பின்னால் எண்ணெய் சடசடவென்று பொரிந்தது.

முதலாவதாகக் கையெழுத்துப் போட்ட கிடங்குக்காரர் வெளியே வந்தபோது, முற்றத்தில் நின்ற கூட்டம் கைதட்டியது. எங்கள் பக்கத்தில் சவப்பெட்டி கோயில் வாசலைத் தாண்டும்போது ஊரே கைதட்டி வழியனுப்பும். அந்தப் பழக்கத்தில் யாரோ ஒருவர் தட்ட, மற்றவர்களும் தட்டிவிட்டார்கள். வடக்கத்தியரான டாக்டர் கல்பிக்கு இது தெரியாது. ஜன்னல் வழியாகப் பார்த்து அவர் கண் கலங்கிப் போனார். தொழிலாளர்கள் இவ்வளவு உற்சாகமாக விடைபெறுவதை எந்தத் தொழிற்சாலையிலும் பார்த்ததில்லை என்று அப்போதே மிலானுக்குப் போன் போட்டார். மத்தியானத்துக்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது. இனிமேல் ஒவ்வொருவர் வெளியேறும்போதும் முற்றத்தில் கைதட்டல் கட்டாயம்.

பதினோரு மணிவாக்கில் இம்மகோலாத்தா உள்ளே வந்தாள்.

தையல் பிரிவில் அவளை விட்டால் மூலைத் தையலுக்கு ஆள் கிடையாது. புருஷன் போய்ச் சேர்ந்தபின் தனி ஆளாக மகன் சபீனோவைப் படிக்க வைக்கிறாள். அந்த சபீனோவுக்கு ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று தலையில் கை வைத்த ஞானத்தகப்பன் வேறு யாருமில்லை, வீத்தோதான். தோலைக் குத்திக் குத்தி அவளது வலது மணிக்கட்டு போன வருஷம் ஆபரேஷன் கத்திக்குப் போய் வந்தது. இப்போதும் பேனாவை இடது கையால் வாங்கி வலது கைக்கு மாற்றினாள். சோபா ஆழத்தில் அவள் கால் தரையைத் தொடவில்லை.

காகிதத்தில் நிறைய எழுதியிருந்தது. பழைய சம்பளம், மிகைநேரம், உடம்புக்கு வந்த கேடு, எதைப் பற்றியும் இனிக் கேட்கமாட்டேன் என்று இருந்தது. டாக்டர் கல்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்கரமூத்ஸி கவலை முகத்தோடு உட்கார்ந்திருந்தார். இம்மகோலாத்தா அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை.

"அண்ணே, போடட்டுமா?"

ஒரு நிமிஷம் இரு, எனக்கும் ஒன்றும் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்துகூட விட்டது. ஆனால் தன் பெயர் பட்டியலில் இல்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. கடன் போட்டு வாங்கிய வீடு நினைவுக்கு வந்தது.

"போடு தங்கச்சி," என்றார் வீத்தோ.

அவள் போட்டாள். வெளியே போனதும் முற்றத்தில் கைதட்டல் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மரியாதைதான். ஒருவரும் கோர்ட்டுக்குப் போகவில்லை என்பதால் கம்பெனி வீத்தோவுக்கு ஒரு விழா எடுத்தது. அமைதியின் நண்பர் என்று பொறித்த கேடயம் கொடுத்தார்கள். டாக்டர் கல்பி பேசும்போது, உரிமைகளை இவரைப் போல எளிமையாக யாராலும் விளக்க முடியாது என்று மனதாரப் பாராட்டினார். கேடயத்தோடு, அந்த அறையில் போட்டிருந்த சோபாக்களில் ஒன்றையும் லாரியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த சோபா என்று வீத்தோ பார்த்தவுடன் கண்டுகொண்டார். கைப்பிடியில் பேனா பட்ட சின்ன மைக்கோடு இருந்தது.

மனைவிக்கு ஒரே பூரிப்பு. பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். வீத்தோ மட்டும் உட்காரவே இல்லை. நின்றபடி டிவி பார்த்தார், நின்றபடி காபி குடித்தார், மூலம் வந்துவிட்டதா என்று கேட்ட மச்சானிடம் ஆமாம் என்றார்.

இதைவிடக் கொடுமை ஞாயிற்றுக்கிழமைகள். கோயில் முடிந்ததும் இம்மகோலாத்தா தக்காளி பதித்த ஃபொகாச்சா ரொட்டியைத் தட்டோடு துணி மூடிக் கொண்டுவருவாள். அண்ணன் பக்கத்தில் இருந்ததால்தான் தனக்கு இந்த அளவாவது கிடைத்தது, இல்லாவிட்டால் மிலான்காரி ஏமாற்றியிருப்பாள் என்று வீத்தோவின் மனைவியிடம் அவரை வைத்துக்கொண்டே சொல்வாள். இப்போது ஹோட்டல் ஒன்றில் படிக்கட்டு துடைக்கும் வேலை பார்க்கிறாள். துணி பிழிய அந்தக் கை ஒத்துழைக்கவில்லை என்பதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். வீத்தோ ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைப்பார். அவள் போன பிறகு கழிவறைக்குள் போய் நின்றுகொள்வார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் பாதிரியாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். பாதிரியார் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"பாவத்துக்கு மன்னிப்பு என்கிட்ட இருக்கு, வீத்தோ. கையெழுத்துக்கு இல்ல. எதிர்த்த மாடியில வக்கீலம்மா இருக்காங்க, அவங்களைப் பாரு."

வக்கீலம்மா எந்தச் சடங்கும் இல்லாமல், சாண்ட்விச்சைக் கடித்தபடியே சொல்ல ஆரம்பித்தார். கூட்டமாக ஆட்களை வேலையிலிருந்து நீக்கும்போது கம்பெனி தன் இஷ்டத்துக்கு நீக்க முடியாது. யார் பழைய ஆள், யாரை நம்பிக் குடும்பம் இருக்கிறது, வேலைக்கு யார் தேவை என்று பார்த்து வரிசை போட வேண்டும். ஒண்டியாகப் பிள்ளை வளர்க்கும் பழைய தையற்காரி அந்த வரிசையில் கடைசியில் வருவாள். வேலையால் போன மணிக்கட்டுக்குத் தனியாக நஷ்டஈடு கேட்கலாம். கம்பெனி தரும் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு, வெளியாள் ஒருவரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம். அன்றைக்கே போட வேண்டும் என்று கட்டாயமே கிடையாது. போடாமலும் வரலாம்.

வீத்தோ வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு இருக்கிறதா என்றார்.

"இதையெல்லாம்தானே நீங்க விளக்கினதா கையெழுத்துப் போட்டிருக்கீங்க?" என்றார் வக்கீலம்மா.

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இதைத் திருத்த வழியே இல்லையா என்று கேட்டார். ஆட்சேபிக்கக் கெடு இன்னும் இருந்தது. அறை சங்கத்தின் அறையல்ல, விளக்கவேண்டிய ஆள் எதையும் விளக்கவில்லை என்று காட்ட முடிந்தால் அந்தக் காகிதம் செல்லாது. ஆனால் அதற்குச் சாட்சி வேண்டும். விளக்கவேண்டிய ஆளே கோர்ட்டில் ஏறி நின்று, எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று சொல்ல வேண்டும். தன்னைத் தானே முட்டாள் என்று சொல்லிக்கொள்ளும் தலைவரைத் தான் இதுவரை பார்த்ததில்லை என்றார் வக்கீலம்மா, சாண்ட்விச் காகிதத்தைக் கசக்கியபடி.

கோர்ட்டுக்குப் போகும் முன்னால் தாண்ட வேண்டிய படி ஒன்று இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இம்மகோலாத்தா வந்து அதே சோபாவில் உட்கார்ந்ததும், வீத்தோ அவள் எதிரே நின்றுகொண்டே சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தெரியாது. உன்னைவிட எனக்குக் கம்மியாத்தான் தெரியும். என் வேலை தப்பிச்சதுன்னு உன்னைப் போடச் சொல்லிட்டேன்."

அவள் வெகுநேரம் கைப்பிடியின் மைக்கோட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீத்தோவின் மனைவி காபித் தட்டோடு கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"எல்லாரும் சொன்னாங்க, படிக்காம போடாதேன்னு. எங்கண்ணன் பக்கத்துல இருக்கும்போது நான் எதுக்குப் படிக்கணும்னேன்." இம்மகோலாத்தா சிரமப்பட்டு எழுந்தாள். "அந்தத் தட்டைக் குடுங்க. இன்னும் ரொட்டியைத் தொடலையே?"

ரொட்டியோடு தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் வக்கீலம்மாவிடம் போய் வழக்குக்குச் சம்மதித்தாள் என்று வீத்தோ மூன்றாம் மனிதர் வழியாகத்தான் கேள்விப்பட்டார்.

வழக்கு நடந்த விதம்தான் வேடிக்கை. ஊர் உலகத்தில் கம்பெனி வக்கீல் சாட்சியை மடையன் என்று நிரூபிக்கப் பார்ப்பார். இங்கே கம்பெனி வக்கீல் வீத்தோவை மேதை என்று நிரூபிக்கப் படாத பாடு பட்டார். பயிற்சிச் சான்றிதழைக் காட்டினார். கேடயத்தின் படத்தைக் காட்டினார். டாக்டர் கல்பி சாட்சிக் கூண்டில் ஏறி, தொழிலாளர் சட்டத்தில் இவ்வளவு ஆழம் கண்ட தோல் வெட்டுபவரைத் தான் சந்தித்ததில்லை என்றார். அந்த அறையில் தொழிலாளர்கள் மகிழ்ச்சியாக இருந்ததற்கு ஆதாரம் உண்டா என்று நீதிபதியம்மா கேட்டதும், வெளியே வந்த ஒவ்வொருவருக்கும் கைதட்டல் கிடைத்ததைச் சொன்னார். நீதிபதியம்மா பாரிக்காரர், அதுவும் எங்கள் தெற்கத்தி ஊர்தான். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு டாக்டர் கல்பியை ஒருமுறை நன்றாக நிமிர்ந்து பார்த்தார்.

ஸ்கரமூத்ஸி வந்தார். அது நூற்றுக்கு நூறு பேரவையின் அலுவலகம்தான் என்று அடித்துச் சொன்னார். அலுவலகத்துக்குள் சமையலறை எதற்கு என்று கேட்டதற்கு, தொழிலாளியின் பசியை அறிந்த சங்கம் எங்களுடையது என்றார்.

பிறகு வீத்தோவின் முறை. கம்பெனி வக்கீல் அவரைப் புகழ்ந்தார், அவர் மறுத்தார். மேலும் புகழ்ந்தார். அது தன்னடக்கம் என்றார். வீத்தோ மறுபடியும் மறுத்தார். இவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் தன் அறியாமையை நிரூபிப்பது இத்தனை கஷ்டம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் நீதிபதியம்மா வக்கீலைக் கையமர்த்திவிட்டு நேராகக் கேட்டார்.

"அன்னிக்கு இந்த அம்மாவுக்கு நீங்க விளக்கின உரிமையில ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்."

பின்வரிசையில் இம்மகோலாத்தா மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். வீத்தோ அவளைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"போடட்டுமான்னு கேட்டாங்கம்மா. நான் போடுன்னேன். அவ்வளவுதான். அப்புறம் சமையற்காரர் கதவைத் தூக்கி, முடிஞ்சுதா, மேசை போடணும்னு கேட்டாரு."

காகிதம் செல்லாது என்று தீர்ப்பு ஆனது. இம்மகோலாத்தாவைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. முதல் நாள் அவள் வீத்தோவின் வெட்டு மேசையைத் தாண்டித்தான் தையல் பிரிவுக்குப் போனாள். தலையைத் திருப்பவில்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரொட்டியும் வரவில்லை. தனக்கு இது வேண்டும்தான் என்று வீத்தோ நினைத்துக்கொண்டார். கம்பெனி லாரி வந்து சோபாவைத் திரும்ப எடுத்துப் போனபோது மனைவி மட்டும் அழுதாள்.

பழம் தின்று கொட்டை போட்டது கம்பெனி, சும்மா இருக்குமா? கோடை விடுமுறை முடிந்து வந்ததும், எதிர்காலத்தில் வெளியே இடம் ஒதுக்கப்பட்டிருப்பதாக வீத்தோவுக்கு அழைப்பு வந்தது. இந்த முறை சட்டப்படியே எல்லாம் செய்திருந்தார்கள். கேன்ட்டீன் வேண்டாம் என்று, வாயிற்காவலர் அறையைப் பேரவைக்கு வாடகைக்கு விட்டு ரசீதும் வாங்கியிருந்தார்கள். பலகை இருந்தது, கொடி இருந்தது, அதே சோபா இருந்தது. வீத்தோவுக்கு உதவ உட்கார்ந்திருந்த சங்கப் பிரதிநிதி யாரென்று பார்த்தால் சமையற்காரர். அவரும் வரி கட்டப் போயிருந்தாராம். கவலை முகத்தை நன்றாகவே பழகியிருந்தார். உரிமைகள் விளக்கப்பட்டன என்று சொல்லித் தண்ணீர் டம்ளரைச் சரியான கையால் நீட்டினார்.

டாக்டர் கல்பி காகிதத்தை வைத்தார். வீத்தோ சோபாவில் புதைந்தார். கடைசிகடைசியாக அதில் உட்கார்ந்தேவிட்டார். எழுதியிருந்த எதுவும் கண்ணில் ஏறவில்லை. வக்கீலம்மா சாண்ட்விச்சோடு சொன்னதெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிற்றோ தெரியவில்லை. தான் செய்ததற்கு இதுதான் சரியான கூலி, போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று மனசு சொன்னது. பேனாவை எடுத்தார்.

கதவு திறந்தது. தட்டவில்லை, சும்மா திறந்தது. இம்மகோலாத்தா தையல் ஏப்ரனோடு உள்ளே வந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், அவர் பக்கத்தில் நின்றாள். வெளியாளுக்கு அனுமதி இல்லை என்று டாக்டர் கல்பி ஆரம்பித்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வீத்தோ அண்ணாந்து பார்த்தார். அவரை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"போடட்டுமா, தங்கச்சி?"

அவள் காகிதத்தைப் பார்த்தாள். அவர் அனுபவிக்க வேண்டியதைக் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று விட்டவள் போல நின்றாள்.

"பேனாவைக் கீழ வைங்க. காகிதத்தை மடிச்சுப் பையில போடுங்க. வீட்டுல போய்ப் படிக்கலாம்."

சொல்லிவிட்டு இடது கையை நீட்டினாள். அந்த சோபாவிலிருந்து ஒருவரைத் தூக்க அது போதவில்லை. கத்திபட்ட வலது கையையும் சேர்த்துக் கொடுத்தாள்.

இருவரும் வாசலுக்கு வந்ததும் முற்றத்தில் நின்றவர்கள் சுற்றறிக்கைப்படி கைதட்ட ஆரம்பித்தார்கள்.

"கையைக் கீழ போடுங்கய்யா," என்றாள் இம்மகோலாத்தா. "இவரு இன்னும் சாகல."

கைதட்டல் நின்றுபோனது. அவள் தையல் பிரிவுக்கும் அவர் வெட்டு மேசைக்கும் போனார்கள்.